எங்கள் சொல்லுக்கு யார் பொருள் எழுதுவது?



இந்த இதழுக்கு வந்த கவிதைகளை மொத்தமாக உட்கார்ந்து படித்தபோது ஒன்று உறுத்தியது. விடியல், சிறகு, எரிமலை, ரணம், தீப்பிழம்பு. இந்த அய்ந்து சொல்லையும் உருவிவிட்டால் பல கவிதைகளில் மிச்சம் ஒன்றுமில்லை. ஊர்த்தெருப் பையன் எழுதினாலும் அதே விடியல், சேரிப் பையன் எழுதினாலும் அதே விடியல். யாருக்கு எப்போது விடிகிறது, விடிந்தால் யார் முதலில் எழுந்து யாருடைய மாட்டுத் தொழுவத்துக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சொல்லில் இல்லை.

கவிதைகளோடு ஒரு கல்லூரி மாணவர் கடிதமும் வைத்திருந்தார். "உங்கள் இதழைத் திறந்தாலே பறை, சேரி, பீ, மாட்டுக்கறி என்றுதான் வருகிறது. நம்மை இழிவுபடுத்துவதற்காகவே வைத்த சொற்களை நாமே ஏன் தூக்கிச் சுமக்கணும்? நமக்கு நல்ல தமிழ்ச் சொல்லே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். கேள்வியில் கோபம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. அவருக்குத் தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஏனென்றால் கவிதை எழுதுகிற நம் எல்லோருக்கும் முன்னால் நிற்கிற கேள்வி இது: எந்தச் சொல்லை எடுப்பது, எதை விடுவது, எடுத்த சொல்லுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது.

முதலில் பறையையே எடுத்துக்கொள்வோம்.

பல்கலைக்கழகத்தார் போட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால் பறைக்குப் பல பொருள் தனித்தனியாக நிற்கின்றன. தோற்கருவி ஒன்று. பேச்சு, சொல் என்பது ஒன்று. தானியம் அளக்கிற அளவு ஒன்று. சிறகு, பறத்தல் என்பது இன்னொன்று. சிறகு வேண்டும் என்று ஏங்கி எழுதுகிற தம்பி இதைக் கவனிக்க வேண்டும்: நீ தேடுகிற சிறகு நீ தூக்கி எறியச் சொல்கிற சொல்லுக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறது. மலையாளத்தில் இன்றைக்கும் 'பறைய' என்றால் சொல்லுவதுதான். நம்பூதிரி வாயிலும் அந்தச் சொல் தீட்டில்லாமல் புழங்குகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் பேசிக்கொண்டிருப்பதைப் பறைவது என்பார்கள்.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை என்ற வரிசையில் பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என்று உரைகாரர்கள் பிரித்துச் சொன்னார்கள். பறை இல்லாத திணை கிடையாது. ஆண்டாள் திருப்பாவையில் கண்ணனிடம் கேட்பது பறையைத்தான். பறை என்றால் கைங்கரியம், கடவுளுக்குச் செய்கிற தொண்டு என்று வைணவ உரையாசிரியர்கள் விளக்கம் எழுதி அந்தச் சொல்லை மேலே ஏற்றி வைத்தார்கள். மார்கழி மாதம் முப்பது நாளும் அக்கிரகாரத்தில் அந்தச் சொல் பாடப்படுகிறது. ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கிறது. அதே ஊரில் அந்தக் கருவியைத் தோளில் மாட்டியவன் கோயில் வாசலுக்கு எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருந்தது. சொல்லுக்குக் கர்ப்பக்கிரகம் வரை வழி உண்டு. சொல்லுக்குரிய ஆளுக்கு வழி கிடையாது. சொல்லில் தீட்டு இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்தது பெயர். பறை அடித்ததால் பறையர் என்று கால்டுவெல் காலத்திலிருந்து எழுதிவருகிறார்கள். பாடப் புத்தகம் வரைக்கும் அது வந்துவிட்டது. ஆனால் நம் ஊர்களில் நூறு வீட்டுச் சேரியில் பறை எடுத்தவர்கள் எத்தனை வீடு? பெரும்பாலோர் ஏர் பிடித்தவர்கள், நாற்று நட்டவர்கள், களத்தில் போரடித்தவர்கள். ஒரு சனக்கூட்டம் முழுவதுக்கும் அதில் கொஞ்சம் பேர் செய்த வேலையை வைத்துப் பெயர் விளக்கம் சொல்லி, பிறகு அந்த விளக்கத்தை வைத்தே "நீ பறையன்தானே, வந்து பறை அடி" என்று சாவு வீட்டு வாசலுக்கு இழுத்தார்கள். முதலில் வேலையிலிருந்து பெயர், பிறகு பெயரிலிருந்து வேலை. இது வட்டம். வேர்ச்சொல் ஆராய்ச்சி என்பது படித்தவர்கள் பொழுதுபோக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கங்களில் அது ஆள் அனுப்பிக் கூப்பிடுகிற அதிகாரமாக வேலை செய்திருக்கிறது.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் நம் முன்னோடிகள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அச்சில் வந்த அந்தப் பெயரைக் காசு கொடுத்து வாங்கி, கையில் விரித்துப் படிக்க வேண்டியிருந்தது. வசவாக வாயில் வந்த சொல்லைத் தலைப்பாகக் கண்ணில் பார்க்கவைத்த காரியம் சாதாரணமானதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் போனார். 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, சொல் சொல்லாகப் பிரித்து மேய்ந்தார். பறைதல் என்றால் சொல்லுதல். வேஷக்காரர்களின் பொய்யை ஊருக்குப் பறைந்தவர்கள் என்பதால் பூர்வ பௌத்தர்களுக்கு எதிரிகள் இட்ட பெயர் அது என்று விளக்கினார். திருக்குறளைத் 'திரிக்குறள்' என்று திரிபிடகத்தோடு சேர்த்துப் படித்தார். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பு வந்த பிறகுதான் நம்மில் பலர் அந்த எழுத்துகளை முழுசாகப் பார்த்தோம். அவர் சொன்ன வேர்ச்சொல் விளக்கங்கள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்றுக்கொள்ளாது. ஏற்றுக்கொள்ளாது என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்த காரியம் மொழியியலோடு முடிவதில்லை. "உன் சொல்லுக்கு நீ சொல்கிற பொருள்தான் பொருளா? நானும் அகராதி படித்தவன், வா பார்ப்போம்" என்று ஒரு சேரி வைத்தியர் அச்சுக்கூடம் வைத்துக் கேட்டாரே, அதுதான் விஷயம். பொருள் எழுதுகிற உரிமையைப் பறித்தெடுத்த முதல் கை அவருடையது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "ஆதியில் எல்லாச் சொல்லும் நல்ல சொல்தான், சங்ககாலத்தில் சாதியே கிடையாது, பின்னால் வந்தவன் கெடுத்தான்" என்று நம் மேடைகளிலும் பேசுகிறோம். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் புறநானூற்றை முழுசாகப் படித்தால் அந்த இனிப்பு நிற்காது. 335ஆம் பாட்டு நான்கு குடிகளை உயர்த்திச் சொல்லும்போது பறையனை அதில் வைக்கிறது, உண்மை. அதே தொகுப்பில் 82ஆம் பாட்டு கட்டில் பின்னுகிறவனைக் குறிக்க இழிசினன் என்ற சொல்லை எடுக்கிறது. 287ஆம் பாட்டிலும் அந்தச் சொல் வருகிறது, பறைக்குக் கோல் பிடித்தவனைப் பார்த்து. வேலை செய்கிறவனுக்கு இழிவைப் பெயரிலேயே ஒட்டுகிற பழக்கம் அங்கேயே முளைவிட்டிருக்கிறது. ஒரு பாட்டைக் காட்டிப் பெருமைப்பட்டுவிட்டு இன்னொரு பாட்டை மறைப்பது ஆராய்ச்சியாகாது. பழைய காலத்தில் நாம் உயர்வாக இருந்தோம் என்று நிரூபித்தால்தான் இன்றைக்கு நமக்கு மரியாதை கிடைக்கும் என்றால், அந்த மரியாதையே நமக்கு வேண்டாம். மனுஷன் என்பதற்குப் பூர்வீகப் பத்திரம் தேவையில்லை.

சேரி என்ற சொல்லுக்கு வருவோம். சேர்ந்து வாழ்கிற இடம் சேரி. அவ்வளவுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறை, உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த ஊர் என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கினோம். அந்த ஊர் பிரமதேயம். சபை பார்ப்பனர் சபை. அந்த ஊருக்குள் இருந்தவை முப்பது குடும்பு, பன்னிரண்டு சேரி. ஆமாம், அவர்கள் குடியிருந்த பகுதிக்குத்தான் சேரி என்று பெயர். அதற்குப் பிறகு நூறு வருஷம் ஆவதற்குள் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிய கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் கணக்கு வருகிறது. கம்மாணசேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வரிசையாக வருகிறது. கல்லில் வெட்டின எழுத்து. 'தீண்டா' என்ற சொல்லுக்கு ஆயிரம் வருஷம் வயது. தீண்டாமை வெள்ளைக்காரன் உண்டாக்கியது என்று இன்றைக்கும் சொல்கிறவர்களை அந்தக் கோயில் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தலாம்.

அன்றைக்கு எல்லோருக்கும் பொதுவாக இருந்த சேரி, நாளாக ஆக நம் தலையில் மட்டும் தங்கியது. மற்றவர்கள் தெரு, வீதி, அக்கிரகாரம், நகர் என்று கழன்றுகொண்டார்கள். புதுச்சேரி, வேளச்சேரி என்று ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. அங்கே மனை வாங்கப் போட்டி. தனியாகச் 'சேரி' என்று சொன்னால் மட்டும் மூக்கைப் பிடிக்கிறார்கள். நாறுவது சொல்லா, மூக்கா?

பிறகு காலனி வந்தது. சேரி என்று சொன்னால் அசிங்கம், காலனி என்று சொன்னால் மரியாதை என்று அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டிப் பெயர் வைத்தது. கொஞ்ச வருஷத்தில் காலனிக்கும் அதே வாடை வந்துவிட்டது. "நீ காலனியா?" என்றால் விலாசம் விசாரிக்கவில்லை, சாதி விசாரிக்கிறார்கள் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் பட்டணத்தில் ரயில்வே காலனி உண்டு, வங்கி ஊழியர் காலனி உண்டு. அங்கே குடியிருப்பவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை. 2025 ஏப்ரல் 29 அன்று சட்டசபையில் முதலமைச்சர் ஸ்டாலின், ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கலாம். ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பையும் தெரிந்துகொண்டு வழியனுப்புவோம். காலனி லத்தீன் மொழியின் 'கொலோனியா'விலிருந்து வந்தது. அதன் அடியில் இருக்கும் வினைச்சொல்லுக்கு உழுதல், பயிர் செய்தல் என்று பொருள். 'கொலோனுஸ்' என்றால் உழவன். ரோமானியர் தங்கள் ஆட்களைக் கொண்டுபோய் நிலம் கொடுத்துக் குடியேற்றிய இடம் கொலோனியா. ஜெர்மனியில் கொலோன் என்ற நகரத்தின் பெயரே அதுதான். நிலம் கொடுத்தால் அது காலனி. நம் ஆட்களுக்கு நிலம் கொடுக்காமல் மூணு சென்ட் மனையில் குடியேற்றிவிட்டு, உழவன் ஊர் என்ற பெயரை மட்டும் கொடுத்தார்கள். பலகையை மாற்றுகிற கையோடு பஞ்சமி நிலத்தையும் மீட்டுக் கொடுத்தால்தான் அந்த லத்தீன் சொல்லுக்குச் செய்த பாவம் தீரும்.

நம் பெயர் கடல் தாண்டிப் போன கதையும் உண்டு. போர்த்துக்கீசியர் காதில் விழுந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது, 'பரையா' என்று. 1791இல் பெர்னார்தின் த சேன்-பியேர் எழுதிய பிரெஞ்சுக் கதையில் ஒரு பறையனின் குடிசைதான் உண்மை கிடைக்கிற இடம். 1821இல் கசிமீர் தெலவீஞ் 'லெ பரியா' என்று நாடகமே போட்டார். 1838இல் ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண் போராளி தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் பரியா என்று அழைத்துக்கொண்டார். யூதர்களைப் பற்றி எழுதிய மாக்ஸ் வேபரும் ஹன்னா அரெண்டும் இந்தச் சொல்லை எடுத்தாண்டார்கள். ஒடுக்கப்பட்டவர் எங்கே இருந்தாலும் அவருக்குப் பெயர் சொல்ல உலகம் எடுத்தது நம் சேரியிலிருந்து போன சொல்லை. ஆனால் அதே ஆங்கிலம் இங்கே வந்து பறவைக்கும் சாதி பிரித்தது. கழுத்து வெள்ளையாக, உடம்பு செம்மண் நிறமாக இருந்து, கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அது 'பிராமினி கைட்'. குப்பைமேட்டுக்கு மேலே வட்டமடிக்கிற கறுத்த பருந்துக்குப் பெயர் 'பரையா கைட்'. தெருநாய் 'பரையா டாக்'. வானத்திலும் அக்கிரகாரமும் சேரியும் போட்டார்கள். இன்றைக்கும் ஆங்கிலப் பத்திரிகைகளில் உலகம் ஒதுக்கிவைத்த நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்றுதான் எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்கு அது ஒரு சனத்தின் பெயர் என்ற நினைப்பே இல்லை. சாதி ஒழிப்புப் பேசுகிற பேராசிரியர்களும் இதைத் தயங்காமல் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கம் நமக்கு வைத்த பெயர்களை ஒரு கணக்கன் மாதிரி வரிசைப்படுத்திப் பார்க்கலாம். பஞ்சமர் என்றார்கள். அய்ந்தாவது ஆள். அய்ந்தாவது வருணமே கிடையாது என்று மனுவே எழுதிவைத்திருக்கும்போது, இல்லாத இடத்தில் நம்மை உட்காரவைத்தார்கள். எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த பிறகு 1922இல் ஆதி திராவிடர் என்பது அரசாணையானது. நாம் கேட்டு வாங்கின பெயர் அது. காந்தி அரிசன் என்றார். மற்றவர்கள் யாருடைய ஜனம் என்று நம் ஆட்கள் திருப்பிக் கேட்டார்கள். 1938இல் அந்தப் பெயரைச் சட்டத்தில் ஏற்ற முனைந்தபோது பம்பாய்ச் சட்டசபையிலிருந்து அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எழுந்து வெளியேறினார்கள். அந்தச் சொல்லை அலுவலகப் புழக்கத்தில் எழுதக் கூடாது என்று மத்திய அரசு சொல்ல 1982 ஆனது.

அப்புறம் ஷெட்யூல்டு. 1935 சட்டத்தின்கீழ் 1936இல் ஒரு பட்டியல் போட்டு அதில் இருப்பவர்கள் ஷெட்யூல்டு சாதி என்றார்கள். லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்குத் துண்டுச் சீட்டு என்று பொருள். தினமும் சலான் சீட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிற எனக்கு இது சிரிப்பாக வரும். இதைவிடச் சிரிப்பு ஒன்று உண்டு. நான் வேலை பார்க்கிற வங்கியும் ஷெட்யூல்டுதான். 1934ஆம் வருஷத்து ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் பெயர் இருந்தால்தான் அது ஷெட்யூல்டு வங்கி. அந்த அட்டவணையில் ஏறுவதற்கு மூலதனம் காட்ட வேண்டும், நம்பகம் காட்ட வேண்டும். ஏறிவிட்டால் பெருமை. பெயர்ப் பலகையில் போட்டுக்கொள்ளலாம். வங்கி ஷெட்யூல்டானால் கௌரவம், அந்த வங்கிக்குள் உட்கார்ந்திருக்கிற எழுத்தன் ஷெட்யூல்டானால் "ஓ, கோட்டாவா?" என்று ஒரு இழுப்பு. ஒரே சொல். ஒரே கூரை. அகராதியில் பொருள் ஒன்றுதான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை.

கடைசியாக தலித். சமஸ்கிருத வேரில் பிளந்தது, நொறுங்கியது என்று பொருள். மராட்டியில் நம் ஆட்கள் வாயில் அது அரசியல் சொல்லானது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் அமைப்பாகத் திரண்டபோது நொறுக்கப்பட்டவன் என்ற பொருள் நொறுக்க வந்தவனை எதிர்ப்பவன் என்று திரும்பியது. தமிழில் 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி அந்தச் சொல் நம் இதழ்களிலும் சுவர்களிலும் ஏறியது. "இது சமஸ்கிருதம், தமிழ் இல்லை" என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. தங்கள் பெயரிலிருக்கும் சமஸ்கிருதம் அவர்களுக்கு உறுத்தவில்லை. 2018 ஆகஸ்டில் மத்திய ஒலிபரப்பு அமைச்சகம், பம்பாய் உயர்நீதிமன்ற நாக்பூர் அமர்வின் உத்தரவைக் காட்டி, தலித் என்ற சொல்லைத் தவிர்த்து ஷெட்யூல்டு சாதி என்றே எழுதுங்கள் என்று ஊடகங்களுக்கு அறிவுரை அனுப்பியது. அரிசனை நீக்கச் சொன்னது நாம். தலித்தைத் தவிர்க்கச் சொல்வது அவர்கள். இரண்டும் ஒன்றா? ஒரு பெயரை நாம் வேண்டாம் என்பதற்கும், நாம் வைத்துக்கொண்ட பெயரை வேண்டாம் என்று அவர்கள் சொல்வதற்கும் நடுவில்தான் மொத்த அரசியலும் இருக்கிறது.

இந்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மாணவத் தோழருக்குப் பதில் கிடைக்கும். பெயரை மாற்றுவதால் மட்டும் இழிவு போகாது. எந்தப் பெயர் வந்தாலும் வேலை மாறாத வரைக்கும், நிலம் மாறாத வரைக்கும், அந்த வாடை புதுப் பெயருக்கும் தொற்றும். துப்புரவுத் தொழிலாளியைத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்கிறோம். 2025 ஆகஸ்டில் அந்தத் தூய்மைப் பணியாளர்கள்தான் தனியார்மயத்தை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் ராத்திரி பகலாகக் கிடந்தார்கள். நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். பெயர் தூய்மையாக இருந்தது.

அதற்காகப் பழைய சொல்லையே பிடித்துக்கொண்டு தொங்கு என்றும் நான் சொல்லவில்லை. இதில் நம் இயக்கத்துக்குள்ளேயே இரண்டு பக்கம் இருக்கிறது, ஒளிப்பானேன்? தென்னாற்காட்டில் இளையபெருமாள் அய்யா முன்நின்று, சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று போராடினார். அப்படிப் போராடி அடி வாங்கின ஊர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. பறையைத் தீயில் போட்டுவிட்டுத்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம் என்று சொல்கிற பெரியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "பறை நம் அடையாளம் தாத்தா" என்று பாடம் எடுக்க எனக்கு வாய் வராது. இன்னொரு பக்கம், அதே பறையை மேடையில் ஏற்றி, பெண்கள் கையில் கொடுத்து, ஆட்டமும் அடவும் சொல்லிக்கொடுத்து, கூலிக்கு அடித்த கருவியைக் கலையாக நிமிர்த்தியவர்கள் இருக்கிறார்கள். மதுரைப் பக்கத்துப் பறையாசிரியர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இந்த இரண்டு பேரும் எதிரிகள் இல்லை. முதல் ஆள் மறுத்தது கட்டாயத்தை. இரண்டாம் ஆள் எடுத்தது உரிமையை. சாவு வீட்டுக்குக் கட்டாயமாகக் கூப்பிட ஆள் வரும்வரை மறுப்பு வேண்டும். அந்த மறுப்பு இல்லாமல் மேடை கிடைத்திருக்காது.

சொல்லுக்கும் இதுதான் அளவுகோல் என்று நினைக்கிறேன். ஒரு சொல்லைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அது நல்ல சொல்லா கெட்ட சொல்லா என்பது அல்ல. யார் சொல்கிறார்கள், யாரைப் பார்த்து, எந்த இடத்தில் நின்று? கோயில் திருவிழாவில் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் வாயில் அது வன்கொடுமை. அதே பெயரை இரட்டைமலையார் தலைப்பாகப் போட்டால் அது போராட்டம்.

இதே அளவுகோலை நம் வீட்டுப் பக்கமும் திருப்ப வேண்டும். நம் தெருச் சண்டைகளில் நமக்குக் கீழே என்று நினைக்கிற ஆளைத் திட்ட நாம் எடுக்கிற சொற்கள் என்னென்ன? அருந்ததியர் என்று அவர்கள் கேட்டுக்கொண்ட பெயர் இருக்க, 2009இல் உள்ஒதுக்கீட்டுச் சட்டமே அந்தப் பெயரில் வந்திருக்க, பழைய பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறவர்கள் நம்மிலும் உண்டு. நமக்கே துணி வெளுத்த புதிரை வண்ணார் வீட்டைப் பற்றி எத்தனை கவிதை எழுதியிருக்கிறோம்? 'சண்டாளி' என்று செல்லமாகப் பேத்தியைக் கொஞ்சுகிற கிழவியின் வாயில் மனு உட்கார்ந்திருக்கிறான், அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். கோபம் வந்தால் எதிரியின் தாயையும் தங்கச்சியையும் இழுக்கிற வசவுகளைக் 'கலக மொழி' என்று சொல்லிக் கவிதையில் இறக்குமதி செய்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சேரிப் பெண்ணின் உடம்பின்மேல் நடக்கிற கலகம் கலகமில்லை.

அப்படியானால் எந்தச் சொல்லை எழுதுவது? பாமா 1992இல் தன் புத்தகத்துக்குக் 'கருக்கு' என்று பெயர் வைத்தார். பனை மட்டையின் இரண்டு பக்கமும் ரம்பப் பல்லாக நிற்பது கருக்கு. விறகுக்குப் போன கை அறுபட்டால்தான் அந்தச் சொல் தெரியும். அகராதியில் தேடி எடுத்த சொல் இல்லை அது. அப்படி நம் கையில், காலில், முதுகில் பட்ட சொற்கள் ஆயிரம் இருக்கின்றன. நெருப்பு, தீப்பிழம்பு என்று எழுதுகிறீர்களே, எந்த நெருப்பு? அடுப்பில் ஊதுகுழல் பட்டுக் கண் விழிக்கிற கங்கா? பறையைக் காய்ச்ச வைக்கோல் கொளுத்தின தீயா? 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் நாற்பத்து நான்கு உயிரைத் தின்ற தீயா? அந்த மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மூன்றும் அணைந்துவிடும். வெண்மணிச் சனம் கேட்டது இன்னொரு அரைப் படி நெல்தான். படி என்பது அளவு. படியளந்து கூலி வாங்கினவன் படியாள். எழுத்தைப் படி என்பதும் அதே ஓசை. இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பதை மொழியியல்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். முதல் படிக்குச் செத்தவன் பேரப்பிள்ளை இரண்டாவது படியில் நிற்கிறான் என்பது நமக்குத் தெரியும். இந்தச் சொல் கையிலிருக்க, விடியலுக்கு ஏன் போக வேண்டும்?

நான் கவுண்டரில் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். முதியோர் பணம் வாங்க வருகிற கிழவிகள் கைநாட்டு வைத்த பிறகு கட்டைவிரல் மையை உச்சந்தலை முடியில் தேய்த்துக்கொள்வார்கள். கைநாட்டு என்பது நம்மிடையே வசவாகிவிட்டது. ஆனால் 'நாட்டுதல்' என்றால் என்ன? கம்பம் நாட்டுவது, பந்தக்கால் நாட்டுவது, நாற்று நடுவது எல்லாம் அந்தக் குடும்பம். வயல் முழுக்க நட்ட விரல்தான் காகிதத்திலும் நட்டுவிட்டுப் போகிறது. இது பெருமை பேசுவதற்காகச் சொல்வதல்ல. அந்த விரலுக்கு எழுத்து மறுக்கப்பட்டது, அது மறக்கக் கூடாத கணக்கு. ஆனால் அவளைக் கைநாட்டு என்று கேலி பேசுகிறவன் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கி, மறுத்தவன் பக்கம் திருப்பிவைக்கக் கவிதையால் முடியும்.

ஆகவே இந்த இதழிலிருந்து ஒரு வேலை தொடங்குகிறோம். கடைசிப் பக்கத்தை உங்கள் ஊர்ச் சொற்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். பறை செய்கிற பெரியவர் இருந்தால் போய் உட்காருங்கள். மரச் சட்டத்துக்கு என்ன பெயர், தோலை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை எப்படிக் காய்ச்சுவார், அடிக்குச்சிக்கும் சிண்டுக்குச்சிக்கும் என்ன வேலை, சாவு அடிக்கும் கல்யாண அடிக்கும் சாமி அடிக்கும் வாயால் எப்படிச் சொற்கட்டு சொல்வார் என்று கேளுங்கள். தோல் பதனிடுகிறவர், செருப்புத் தைக்கிறவர், நடவுக்குப் போகிறவர், செங்கல் சூளைக்காரர், மலம் அள்ளி மீண்டவர் எல்லோரிடமும் கேளுங்கள். ஆத்தாளிடமும் அம்மாயியிடமும் கேளுங்கள். ஆண்டை வீட்டைப் பற்றி நம் ஆட்கள் தங்களுக்குள் மட்டும் வைத்திருந்த ரகசியச் சொற்களும் கேலிப் பெயர்களும் உண்டு, அவற்றை விட்டுவிடாதீர்கள்.

எழுதும்போது நான்கு விஷயம் குறிக்கவும்: சொல், அவர்கள் சொன்ன பொருள், அது வருகிற ஒரு வாக்கியம் அவர்கள் பேச்சிலேயே, எந்த வட்டாரம். திருத்தி எழுத வேண்டாம். 'அய்யய்யோ, கொச்சை' என்று கூச்சப்படவும் வேண்டாம். சொன்னவர் விரும்பினால் மட்டும் அவர் பெயரைப் போடுங்கள். சில சொற்களை வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னால் அதை எங்களுக்கும் அனுப்பாதீர்கள். அவர் சொல்லுக்கு அவர்தான் காவல்.

அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கடிதம் எழுதிய மாணவத் தோழரையே முதல் ஆளாகக் கேட்டுக்கொள்கிறேன். தம்பி, லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நல்ல தமிழ்ச் சொல் கிடையாதா என்று கேட்டீர்களே, உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுவோம்.